மஞ்சக்குப்பத்தில் கிடைத்த வேலை

காலை ஏழு மணிக்குச் சிதம்பரத்தில் கடலூர் பேருந்து ஏறினோம். சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். பக்கத்தில் தங்கை கணவர் முருகையன், மடியில் சான்றிதழ்ப் பையுடன். டிப்ளமா மெக்கானிக்கல் படித்துவிட்டுக் கீழ வீதிக் கடையொன்றில் செல்போன் பழுது பார்க்கிறார். அந்தக் கடையையும் இந்த மாதத்தோடு மூடுகிறார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வேலைவாய்ப்பு முகாம் என்று நோட்டீஸைக் காட்டி இழுத்து வந்தவன் நான்தான்.

புதுச்சத்திரம் தாண்டும்போது, "சம்பளம் கம்மியா இருந்தாலும் பரவால்ல மச்சான், ராத்திரி வீட்டுக்கு வந்துடணும்" என்றார். காரணம் எனக்குத் தெரியும். போன வருடம் அவர் திருப்பூரில் இருந்தபோது தங்கைக்கு முதல் கரு கலைந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாக ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இப்போது ஏழாம் மாதம்.

எட்டரை மணிக்கு மைதானத்தில் திருவிழாக் கூட்டம். பந்தல், மைக், பத்து ரூபாய்க்கு மோர். கடலூர்க் கம்பெனிகளின் மேஜைகளில் வயது ஜாஸ்தி என்று அனுப்பிவிட்டார்கள். "முப்பத்திரெண்டெல்லாம் ஒரு வயசா சார்?" என்று நான் சண்டைக்குப் போக, மாப்பிள்ளை கையைப் பிடித்து இழுத்தார். கடைசியில் ஓசூர்க் கம்பெனி ஒன்று எடுத்துக்கொண்டது. ஒரு வருடக் காண்ட்ராக்ட், ஷிப்ட், விடுதியில்தான் தங்க வேண்டும், மாதம் பதினெட்டாயிரம்.

"கைதட்டுங்க! இன்னொருத்தருக்கு வேலை கெடச்சாச்சு!" என்றது மைக். மேடையேற்றி, ஆணையைக் கையில் கொடுத்து, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று எண்ண அங்கே ஆளுக்கு மேல் ஆள் இருந்தார்கள். அது எப்படிப்பட்ட வேலை, போகிறவன் பெண்டாட்டி பிள்ளையோடு இருக்க முடியுமா என்று கேட்க ஒருத்தரும் இல்லை. ஊரோடு சேர்ந்து நானும் கைதட்டினேன். நினைத்தால் இன்னும் கசக்கிறது.

பகல் மூன்று மணிக்குத் திரும்பும் பேருந்தில், "வேணாம்னு சொல்லிடலாமே மாப்ள" என்றேன்.

"சொல்லிட்டு? அடுத்த மாசம் என்னா பண்றது மச்சான்?"

பி.முட்லூர் தாண்டியதும் அவர் போன் அடித்தது. தங்கை. திரையைப் பார்த்தவர், எடுக்காமல் என்னிடம் நீட்டினார்.

"அண்ணா, முகாம் போட்டோ வாட்ஸ்அப்ல வந்துது! கடலூர்லதான வேலை? தெனம் வீட்டுக்கு வந்துடுவாருல்ல?"

"வந்துக்கிட்டேதாம்மா இருக்கோம். வெள்ளாத்துப் பாலம் வந்தாச்சு" என்றேன்.



"நான் இன்னிக்கு வர்றதக் கேக்கலண்ணா" என்றாள்.