நான்கு விரல் இடைவெளி

எஸ்னேதாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வருகிற வேலைகள் இரண்டு. ஒன்று, ஊசியில் நூல் கோப்பது. இன்னொன்று, புருஷன் ஃபானோரைச் சந்தேகப்படுவது. இரண்டாவதற்கு ஊசிகூட வேண்டாம்.

ஒப்ரேரோ பேட்டையில் சால்சா நடனம் ஆடுகிற யாருடைய உடுப்பைத் திருப்பிப் பார்த்தாலும் உள்ளே அவளுடைய தையல்தான் இருக்கும். பன்னிரண்டு வருடம் ஃபானோருக்கு ஜோடியாக ஆடியவளும் அவள்தான். ஒரு போட்டியில் தலைக்கு மேல் தூக்கியவன் கீழே இறக்கியபோது அவள் முழங்கால் 'டக்' என்றது. அதோடு சரி. நடக்கலாம் என்றார் டாக்டர், படியேறலாம் என்றார், ஆடலாம் என்று மட்டும் சொல்லவேயில்லை. நாற்பத்தோரு வயதில் அவள் தையல் மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். ஃபானோர் பகலெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு, சாயங்காலம் யூலியேத்தோடு ஆடப் போனான். யூலியேத்துக்கு இருபத்தாறு வயது. முழங்கால் இரண்டும் புத்தம்புதுசு.

இதுவரைக்கும் சாதாரணப் பொறாமை, எல்லார் வீட்டிலும் இருக்கிற சரக்கு. அதற்கு எட்டுக் கேமரா மாட்டிக் கொடுத்தவன் ஜெய்சன்.

ஜெய்சன் கம்ப்யூட்டர் படித்த பிள்ளை. காலி என்கிற அவர்கள் நகரத்தின் டிசம்பர் விழாவில் ஃபானோரும் யூலியேத்தும் மேடையில் ஆடுகிற அதே நொடியில், பின்னாலிருக்கும் நாலு மாடிச் சுவரில் அவர்கள் ராட்சசர்களாக ஆட வேண்டும் என்பது அவன் திட்டம். வெறும் படமாக இல்லை. முன்னும் பின்னும் பக்கமும் உள்ள முழு உடம்பாக. ஆட ஆடவே அந்த உருவத்தைத் திருப்பிக் காட்டலாம், தலைக்கு மேலிருந்துகூடக் காட்டலாம். ஒத்திகைக்காகப் பழைய செருப்புக் கம்பெனிக் கூடத்தில் சுற்றிலும் எட்டுக் கேமரா நட்டான். எட்டும் பார்ப்பதைக் கூட்டி, கம்ப்யூட்டர் அங்கேயே ஆள் உருவத்தைச் செய்து திரையில் விட்டுவிடும். உடுப்பு தொளதொளவென்று இருந்தால் அதற்குக் குழம்பும். அதனால் உடம்போடு ஒட்டித் தைக்க எஸ்னேதாவைக் கூப்பிட்டான். கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிந்துகொள்கிறோம் என்று அவனுக்கு அப்போது தெரியாது.

முதல் நாளே ஒரு கூத்து. ஃபானோர் யூலியேத்தைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றியதும், திரையில் இருந்த இரண்டு பேரும் கரைந்து, பிசைந்த மாவில் நாலு காலை நட்டுவைத்த மாதிரி ஒரு உருண்டை ஆடியது.

"அண்ணே, ஒட்டாதீங்க!" என்று ஜெய்சன் கத்தினான். "நடுவுல நாலு விரல் இடம் விடுங்க. எந்தக் கை யாருதுன்னு மெஷினுக்குத் தெரியல."

எஸ்னேதாவுக்கு அந்த மெஷினைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. அன்றிலிருந்து அளவு நாடாவோடு திரைக்கடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"யோவ், மூணு விரல்தான் இருக்கு."

"அடியே, நீ என்ன மெஷினா?"

"அதுக்கு எட்டுக் கண்ணு. எனக்கு ரெண்டே போதும்."

மூன்று வாரம் அவளுக்கு நல்ல தூக்கம் வந்தது. நாலாவது வாரம் ஜெய்சன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, இனிமே உங்களுக்கு வேல மிச்சம். ரெண்டு பேரையும் தனித்தனியா நிக்க வச்சு உடம்ப முன்கூட்டியே படிச்சு வச்சுட்டேன். இனி கட்டிப் புடிச்சாலும் மெஷின் பிரிச்சுக் காட்டிடும். விழா உடுப்பு மட்டும் வேற வேற நிறமா இருக்கட்டும். அத வச்சுத்தான் அதுக்கு ஆள் அடையாளம்."

அன்று சாயங்காலம் திரையில் இருவரும் நெஞ்சோடு நெஞ்சாக ஆடினார்கள். மாவு இல்லை, உருண்டை இல்லை. ஜெய்சன் உருவத்தைப் பின்பக்கமாகத் திருப்பினான். யூலியேத்தின் முதுகில் ஃபானோரின் கை. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. பன்னிரண்டு வருடம் அந்தக் கை எஸ்னேதாவின் முதுகில் இருந்தது. தன் முதுகைத் தானே யார் பார்க்க முடியும்? அந்தக் கை எவ்வளவு பதமாக இருக்கும் என்று இப்போதுதான் பார்த்தாள், இன்னொருத்தி முதுகில்.

வீட்டுக்குப் போனதும் இரண்டு உடுப்பையும் ஒரே துணியில் வெட்டினாள்.

விழாக் குழுவின் பெர்லா அம்மா பார்வையிட வருகிற நாளில், கடைசி நிமிஷத்தில்தான் உடுப்பைக் கொண்டுவந்தாள். ஜெய்சன் திகைத்துப் போனான்.

"என்னக்கா, ரெண்டும் ஊதாவா?"

"இது கத்திரிக்கா ஊதா, அது வெங்காய ஊதா. மொதல்ல கண்ணாடிய மாத்து தம்பி."

பாட்டு ஆரம்பித்தது. இரண்டாவது சுற்றில் மெஷின் ஆளை மாற்றிவிட்டது. ஃபானோரின் வழுக்கைத் தலை யூலியேத்தின் கொடியிடை மேல் உட்கார்ந்தது. யூலியேத்தின் குதிரைவால் முடி, ஃபானோரின் தொப்பைக்கு மேல் துள்ளியது. வாசலில் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"ஃபானோரு, எத்தனாவது மாசம்?" என்றான் ஒருவன்.

எஸ்னேதாவும் சிரித்தாள். எல்லாரையும்விடச் சத்தமாக. ஃபானோர் திரும்பித் திரையைப் பார்த்தான். மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளினான். அப்படியே, மூச்சு விடாமல் நின்றான். அவள் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

பெர்லா அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "பொண்ணு நல்லாத்தான் இருக்கு. இந்த ஆளோட உடம்புதான் மெஷினுக்கு ஒத்து வரல போல. ஒல்லியா வேற பையன் கெடைக்க மாட்டானா?"

ஜெய்சன் தலையைச் சொறிந்தான். ஃபானோர் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிவதற்குள் அவன் ஷூவைக் கழற்றி அவள் பார்த்ததேயில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். ஃபானோர் இனி யூலியேத்தோடு ஆட மாட்டான். அவள் கேட்டது தட்டில் வைத்து வந்திருக்கிறது. எஸ்னேதா எழுந்து நின்றாள்.

"அவரு மேல கோளாறு இல்லம்மா. துணியில. ரெண்டும் ஒரே துணி. தெரிஞ்சேதான் தச்சேன்."

"வெங்காய ஊதான்னு சத்தியம் பண்ணாத கொறையாச் சொன்னீங்களேக்கா!" என்று ஜெய்சன் அலறினான்.

"எதுக்குடி இப்படிப் பண்ண?" என்றான் ஃபானோர்.

"எதுக்குன்னு ஊரக் கூட்டி வச்சுச் சொல்லணுமா? உன் கை இருந்த எடத்தப் பாத்தேன்யா. அவ்ளோதான்."

யூலியேத் இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நானும் சொல்லிடறேன்க்கா. உங்க மேல எனக்கும் கடுப்புதான். ஒவ்வொரு சுத்துக்கும் காதுல ஓதுறாரு. எஸ்னேதான்னா இங்க இடுப்ப ஒடிப்பா, எஸ்னேதான்னா இங்க ஒரு சிரிப்பு சிரிப்பான்னு. நான் ஒருத்தி ஆடுறதே இவரு கண்ணுக்குத் தெரியல."

ஃபானோருக்கு வழுக்கை வரைக்கும் சிவந்தது. அவன் ஷூ கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க வீட்டுப் பஞ்சாயத்த வீட்ல வச்சுக்கங்க" என்றாள் பெர்லா அம்மா. "வியாழக்கெழமைக்குள்ள வேற நெறத்துல உடுப்பு வருமா?"

"புதன்கெழமையே வரும்."

யூலியேத்துக்கு மாம்பழ மஞ்சளில் தைத்தாள். பொறாமை போய்விட்டதா என்றால், அதெல்லாம் இல்லை. அளவெடுக்கும்போது ஒரு குண்டூசி யூலியேத்தின் இடுப்பில் குத்தியது. தெரியாமல் பட்டுவிட்டது என்றாள் எஸ்னேதா. யூலியேத் நம்பினாளா என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் தைத்த உடுப்பு அப்படி இருந்தது. எங்கே தையல், எங்கே தோல் என்று எட்டுக் கேமராவும் தேடியிருக்கும்.

விழா அன்று எஸ்னேதா கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் சின்னதாக இரண்டு பேர், சுவரில் நாலு மாடி உயரத்துக்கு அதே இரண்டு பேர், ஊதாவும் மஞ்சளும். கட்டிப்பிடித்தார்கள், பிரிந்தார்கள், மறுபடி கட்டிப்பிடித்தார்கள். ஒரு விரல்கூட மாறவில்லை. தொப்பையும் சேர்ந்து தாளம் தப்பாமல் ஆடியது. கூட்டம் கூரையில்லாத மைதானத்துக்கே கூரை பறக்கிற மாதிரி கத்தியது.

முன்வரிசையில் லுலாதா பழச்சாறு குடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் திரும்பி, "என்ன பொருத்தம்! புருஷன் பொண்டாட்டியா?" என்று கேட்டாள்.

"இல்ல. அந்த ஆளு எம் புருஷன்."

"ஐயையோ! பாத்தா உங்களுக்கு எரியலையா?"

"எரியுது" என்றாள் எஸ்னேதா, சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். "நல்லாவே எரியுது. கொஞ்சம் தலையச் சாச்சுக்கோங்க, மறைக்குது."