புடவை எடுக்காத அக்கா

எங்கள் எதிர்வீட்டு நெசவாளரிடம் சனிக்கிழமைதோறும் ஓர் அக்கா பட்டுப்புடவை பார்க்க வருவார். அரை மணி நேரம் விரித்து விரித்துப் பார்ப்பார். ஒன்றும் எடுக்காமல் போய்விடுவார்.

இரண்டு மாதமாக இதே கதை. அப்படி எந்த நிறத்தைத்தான் தேடுகிறார் என்று எனக்கு மண்டைக் குடைச்சல். டிசைனைத் திருட வந்தவரோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன்.

இன்று போன் தொலைந்த புகார் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போனால், புகாரை வாங்கியதே அந்த அக்காதான். காக்கிச் சீருடையில்!

"நீங்க எதிர்வீட்டுக்குப் புடவை பாக்க வர்றவங்கதானே?" என்று கேட்டேவிட்டேன்.

சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த நெசவுக்காரரு குடிச்சிட்டுப் பண்ற ரகளைல, அவரு பொண்ணு ஸ்கூலுக்கே போவாம இருந்துச்சுங்க. புடவை விரிச்சுக் காட்டுற சாக்குல அந்தப் பொண்ணுகிட்டப் பேசத்தான் வர்றேன். யூனிஃபார்ம்ல வந்தா தெருவே கூடிடும். அப்புறம் அது வெளிய தலை காட்டுமா?"

"அவருக்குத் தெரியாதா?"

"அவரு சம்சாரத்துக்கும் பொண்ணுக்கும்தான் தெரியும். புடவை வாங்க ஆள் வருதுன்னு அவரு சனிக்கிழமை மட்டும் குடிக்கிறதில்ல. 'தினமும் வாங்கக்கா'ன்னு கேட்டுகினே இருக்குது அந்தப் பொண்ணு."

புகார் ரசீதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எந்தத் தெரு என்று இங்கே கேட்காதீர்கள். கிழமையையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

ஆனால் உங்கள் வீட்டில் யாருக்காவது பட்டுப்புடவை பார்க்க ஆசையிருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை, நிதானமாக விரித்துப் பார்த்தால் போதும்.

வாரத்தில் இன்னும் ஆறு நாள் காலியாக இருக்கிறது.