ரயில் விளையாட்டில் நான் கைகாட்டி

விளையாட்டு முறையில் பாடம் நடத்துவதைப் பற்றி யாராவது மேடையேறிப் புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் அந்த முறையில் படித்தவள்தான். ஐம்பதுகளில், பொன்னேரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம், நாலாம் வகுப்பு.

வாத்தியார் பயிற்சி முடித்துப் புதிதாக வந்தவர். ரயில் பாடத்தை ஆடியே காட்டலாம் என்றார். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தைச் சுற்றி ஓட வேண்டும். முன்னால் நிற்பவன் இஞ்சின், மற்றவர்கள் பெட்டிகள். எனக்கு உயிரே அதில்தான் இருந்தது. கடைசிப் பெட்டியாக ஓடவிட்டாலும் போதும். ஆனால் நான் சேரிப்பெண். ஊர்ப்பிள்ளையின் சட்டையை நான் தொட்டால் மறுநாள் பெரிய மனிதர்கள் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பார்கள். வாத்தியார் யோசித்தார், மகராசன். என்னைத் தள்ளிப்போய் ஒரு கல்லின்மேல் நிற்கச் சொன்னார். நான் கைகாட்டியாம். கையை நீட்டினால் ரயில் நிற்க வேண்டும், இறக்கினால் போகலாம்.

எல்லோரும் கூவிக்கொண்டு ஓடுவார்கள், நான் வெயிலில் நிற்பேன். அம்மாவிடம் சொல்லி அழுதேன்.

"நின்னுட்டு வாயேன், இன்னா தேஞ்சா பூடுவே? இஸ்கூல்ல பேர எட்த்துட்டா பேஜாரு" என்றாள். அவள் பயம் அவளுக்கு.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வந்தார். அவருக்கு ரயில் பாடத்தைக் காட்ட, வாத்தியார் முதலில் கேள்வி கேட்டார்.

"கைகாட்டி இறங்காம வண்டி போலாமா?"

"கூடாது சார்" என்றது வகுப்பு மொத்தமும்.

விசில் ஊதினார். நான் நீட்டிய கையை இறக்கவில்லை. வண்டி கிளம்பவில்லை.

"கைய எறக்குடி" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"என்னையும் பொட்டியா சேத்துக்கினாத்தான் எறக்குவேன் சார்."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "சேத்துக்குங்களேன், கொழந்த ஆசப்படுது" என்றார்.

தீண்டாமை குற்றம் என்று சட்டம் வந்துவிட்ட சமயம் அது. முடியாது என்று சொல்ல வாத்தியாருக்கு வாய் வரவில்லை. மரத்தடியில் கிடந்த மாட்டுக் கயிற்றை எடுத்தார். ஒரு முனையைக் கடைசிப் பையன் கையில் கொடுத்தார். கல்லைவிட்டு ஓடிவந்த என் முன்னால் மறுமுனையை மண்ணில் போட்டார்.

"புடிச்சிக்கோ. இதான் சங்கிலி."

"நல்ல யோசனை" என்று இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். நல்ல யோசனையாம்! படித்த மனிதருக்குக் கண்ணா அவிந்துபோயிற்று? இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது.

நான் கயிற்றைத் தொடவில்லை. திரும்பிப் போய்க் கல்லின்மேல் ஏறிக் கையை நீட்டினேன். வாத்தியார் மறுபடி விசில் ஊதினார். இஞ்சினாக நின்ற பையன் அசையவில்லை.

"கைகாட்டி எறங்கல சார்" என்றான். பாடம் அவனுக்கு நன்றாகவே ஏறியிருந்தது.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இன்ஸ்பெக்டர் எழுந்து போனார். அதுவரை வண்டி நகரவில்லை. அவர் தலை மறைந்ததும் வாத்தியார் பிரம்பை எடுத்தார். அடிக்கவும் அவர் என் பக்கத்தில் வர மாட்டார். நின்ற இடத்திலிருந்தே வீசி எறிந்தார். பிரம்பு என் நீட்டிய கையில் வந்து பட்டது. அப்போதும் நான் இறக்கவில்லை.