தேவேந்திரனுக்கு விடிகிற நேரம்

வலது பக்கத்திலிருந்து வர வேண்டிய நாடா வரவில்லை. துர்காதேவி ஊடை நூல் சுற்றிய தன் நாடாவைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். தறியின் மறுகோடியில் தேவேந்திரன் மரச்சட்டத்தில் நெற்றியைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். கருப்புக் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. வாசலில் நல்ல வெயில். தெரு முழுக்கத் தறிச் சத்தம்.

"ஏங்க."

"முழிச்சிக்கினுதான் இருக்கேன்."

"ஓகோ. அப்ப நாடாதான் தூங்கிடுச்சா?"

உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்கிற கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். நடுவில் உட்காருபவர் உடலை நெய்வார். வலது ஓரத்தில் உட்காருபவர் கரைக்கான நாடாவை எறிவார். ஒவ்வொரு இழைக்கும் இரண்டு நாடாவும் சந்தித்து, ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். ஒருவர் கண் அயர்ந்தால் புடவை அங்கேயே நிற்கும்.

கல்யாணமான புதிதில் நடுவில் உட்கார்ந்தவன் தேவேந்திரன். துர்காதேவிதான் வலது பக்கம். சிறு வயதிலிருந்தே அவனுக்கு அந்தி சாய்ந்தால் பார்வை மங்கும். அப்புறம் ஓரங்கள் போயின. குழல் வழியே பார்ப்பதுபோல உலகம் சுருங்கிக்கொண்டே வந்து, ஒரு நாள் குழலும் அடைத்துக்கொண்டது. அன்றைக்கு அவள் எழுந்து நடுவில் உட்கார்ந்தாள், அவன் வலது பக்கம் போனான். அந்த இடத்துக்குப் பழகின கை போதும். மற்ற வீடுகளில் புருஷன் பெண்டாட்டி சோற்று நேரத்தில் பேசிக்கொள்வார்கள். இவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டின பாவுக்கு மேல்தான்.

இப்போது அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

"வலது பக்கம் உக்கார கோதண்டபாணி அண்ணனக் கேட்டிருக்கேன்" என்றாள் துர்காதேவி. "செவிலிமேட்டுல இருந்து வராராம். ஆவணி பொறந்தா கல்யாணப் புடவைங்க வந்துடும். இப்பிடியே ஓட்ட முடியாதுங்க."

தேவேந்திரன் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டான். "சரி" என்றான். அது வைகாசி மாதம்.

தூக்கம் கெட்டது பார்வை போனபோது அல்ல. அதற்கு ரொம்ப நாள் கழித்து, மகள் அகிலா பெரிய வகுப்புக்குப் போன வருஷம். அவர்கள் இருந்த பிள்ளையார்பாளையத்து வீடுகள் முன்னும் பின்னுமாக நீண்டு கிடப்பவை. காலை வெளிச்சம் வாசலை ஒட்டின ஜன்னலோடு நின்றுவிடும். யார் எங்கே உட்காருவது என்பதை அந்த வெளிச்சம்தான் முடிவு செய்யும். ஜன்னலோரம் தேவேந்திரன் படுத்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் அவனே சொன்னான். "கண்ணு தெரியாதவன் மேல அவ்ளோ வெளிச்சத்தக் கொட்டி வீணாக்கறீங்களேமா. பாப்பா அங்க படிக்கட்டும்."

தன் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்கட்டு அறைக்குப் போனான். சாயம் தோய்த்த பட்டு அங்கேதான் இருந்தது. நிறம் வெளுக்கக் கூடாது என்று ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தார்கள். எல்லாருக்கும் அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. பட்டுக்கும் வெளிச்சம் வேண்டாம், அவனுக்கும் வேண்டாம்.

அதன்பிறகு தூக்கம் நழுவ ஆரம்பித்தது. நேற்று வந்த நேரத்தைவிட இன்று கொஞ்சம் தாமதம், நாளை இன்னும் கொஞ்சம். மெள்ள மெள்ள ராத்திரி முழுக்க ரேடியோவோடு விழிப்பும், பகலெல்லாம் தலையில் கல்லைக் கட்டினாற்போலத் தூக்கமும் ஆனது. விட்டால் அதுவும் நகர்ந்து, சுற்றிக்கொண்டு வந்து, ஒரு நாள் சரியான இடத்தில் நிற்கும். சில நாள் வீடே சிரிக்கும். பிறகு மறுபடி நழுவும்.

துர்காதேவி குமரகோட்டத்து முருகன் கோயிலில் ஒரு மண்டலம் விளக்குப் போட்டாள். மண்டலம் முடிவதற்குள் தூக்கம் சரியாகிவிட்டது. பாலாபிஷேகம் செய்து, தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். பொங்கல் ருசி நாக்கை விட்டுப் போவதற்குள் அவன் மறுபடி தறியில் தூங்கினான். எதிர்வீட்டுப் பூவம்மாள், "முருகன் பாவம், இன்னாதான் பண்ணுவாரு? ராத்திரில ரேடியோவ நிறுத்தச் சொல்லு" என்றாள். சோம்பேறி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவனே அப்படி நம்பத் தொடங்கியிருந்தான்.

அவனுக்கு மணி தெரியாமல் இல்லை. பால்காரர் சைக்கிள், தண்ணீர் மோட்டார், கோயில் மணி, பள்ளிக்கூட வேன் என்று காது நாள் முழுக்கக் கணக்குச் சொல்லும். விடிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரியும். உடம்புக்குத்தான் விடியவில்லை.

பார்வைக் கோளாறு வழிவழியாக வரக்கூடும் என்பதால் அகிலாவின் கண்ணைக் காட்ட மூன்று பேரும் அந்த வைகாசிக் கடைசியில் சென்னைக்குப் போனார்கள். அவள் கண்ணில் குறையில்லை என்று சொன்ன டாக்டரம்மா, நாற்காலியில் தலை தொங்க உட்கார்ந்திருந்த தேவேந்திரனைப் பார்த்து, "ராத்திரி சரியாத் தூங்கலையா?" என்று கேட்டார்.

அவன் எல்லாம் சொன்னான். எந்த அறையில் படுக்கிறான், வெளியில் போவதுண்டா, இந்தக் கண்ணாடியை எப்போது கழற்றுவான் என்றெல்லாம் அவர் கேட்டார்.

"படுக்கும்போதுதான் கழட்டுவேன் மேடம். ஜன்னல பொண்ணுக்குக் குடுத்துட்டேன். எனக்கு எதுக்கு வெளிச்சம்?" அதைச் சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"உங்களுக்குத்தான் ரொம்ப வேணும்" என்றார் அவர். "எல்லார் மூளையிலயும் ஒரு கடிகாரம் இருக்கு. பெரும்பாலும் அது கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும். காலை வெளிச்சம்தான் தினமும் அதைச் சரி பண்ணுது. அந்த வெளிச்சத்தைக் கண்ணுதான் உள்ள சொல்லும். பாக்கறதுக்கான செல் வேற, வெளிச்சத்தை அந்தக் கடிகாரத்துக்குச் சொல்ற செல் வேற. உங்களுக்கு வந்த நோய்ல முதல் வகை போயிடுச்சு. ரெண்டாவது இன்னும் இருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது, பாத்துடலாம். தினமும் காலையில கண்ணாடி இல்லாம வெளியில உட்காருங்க. சூரியனுக்கு நேரா முகத்தை வைக்க வேணாம். கேக்கலைன்னா வாங்க, வேற வழி இருக்கு."

திரும்பும் பஸ்ஸில் தேவேந்திரனுக்குத் தறி நினைவாகவே இருந்தது. பாவு ராத்திரியில் கொஞ்சம் தளர்ந்துபோகும். காலையில் அதை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் தறியில் உட்காருவார்கள். கட்டாமல் விட்டால் நெசவே கோணும். தன் பாவை இத்தனை நாளாக யாரும் இழுத்துக் கட்டவில்லை என்று நினைத்துக்கொண்டான். கட்ட வருகிற கையைத் தானே உள்ளே விடாமல் வெளியே நிறுத்தியிருக்கிறோம் என்றும் தோன்றியது.

"ரூம மாத்திக்கலாம்பா" என்றாள் அகிலா. "எனக்கு டியூப்லைட் போதும். உனக்கு அது பத்தாது."

மறுநாள் காலை வாசலில் நாற்காலி போட்டாள் துர்காதேவி. அவன் வந்து உட்கார்ந்தான், கண்ணாடியோடு.

அதைக் கழற்றுவது அவனுக்கு லேசில்லை. பார்வையில்லாத அவன் கண்கள் ஓரிடத்தில் நில்லாமல் அலையும். ஒரு கல்யாண வீட்டில் சின்னப் பிள்ளைகள் அதைப் பார்த்து, அதேபோல விழியை உருட்டிச் சிரித்தார்கள். அன்றைக்கு வாங்கின கண்ணாடி அது.

"கண்ணாடி" என்றாள் அவள்.

"நாளைக்குக் கழட்டறேன்."

"கோதண்டபாணி அண்ணன் ஆவணிக்குன்றாரு. நீங்க நாளைக்குன்றீங்க. யார் முந்தறீங்கன்னு பாக்கறேன்."

அவன் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். எதிர்வீட்டில் பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது. இப்போது பூவம்மாள் பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. கன்னத்தில் வெயில் ஊர்ந்தது. கழுத்து வியர்த்தது.

"இன்னா தேவேந்திரா, கண்ணு லட்சணமாத்தானே இருக்குது? இத்தினி நாளா எதுக்கு மூடி மூடி வெச்சிக்கினு இருந்தே?"

பாத்திரச் சத்தம் மறுபடி தொடங்கியது. அவன் மூச்சு விட்டான். கண்ணுக்குள் ஒன்றும் தெரியவில்லை. எப்போதும் இருக்கிற அதே சாம்பல்தான். ஆனால் தனக்குச் சொல்லாத எதையோ தன் கண்கள் தனக்குள்ளேயே வேறு யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்கலாம் என்று நினைக்க விசித்திரமாக இருந்தது. தன் வீட்டில் தனக்குத் தெரியாமல் ஒருவர் இத்தனை காலமும் இருட்டில் காத்துக்கொண்டிருந்ததுபோல.

உடனே எதுவும் நடந்துவிடவில்லை. தூக்கம் தன் போக்கில் நகர்ந்தது. பல காலைகளில் அந்த நாற்காலியிலேயே தலை சாய்ந்தான். வழக்கம்போலச் சுற்றிக்கொண்டு ஆடியில் சரியான இடத்துக்கு வந்தது. வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. இப்படி எத்தனையோ முறை வந்து போயிருக்கிறது. துர்காதேவி கோதண்டபாணிக்கு வர வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. இரவில் அவன் கொட்டாவி விடும் நேரத்தைச் சமையலறையிலிருந்தே கவனித்தாள். வழக்கமாக நழுவுகிற நாட்கள் வந்தன, போயின. தூக்கம் நின்ற இடத்திலேயே நின்றது. பேசினால் கலைந்துவிடும் என்று பயந்தவள்போல இருந்தாள்.

ஆவணி முதல் வாரம் கோதண்டபாணி டவுன் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். வாசற்படியில் செருப்பை விட்டவர் அப்படியே நின்றார். உள்ளே இரண்டு நாடாவும் ஓடுகிற சத்தம்.

"இன்னாமா, தறி ஓடுது? நான் இன்னும் உக்காரவேயில்லையே."

துர்காதேவி தறியை நிறுத்தவில்லை. "உள்ள வாங்கண்ணா. காபி குடிங்க. நானே சொல்லி அனுப்பியிருக்கணும். நம்பிக்க வரல, அதான்."

"இப்ப வந்துடுச்சா?"

அவள் பதில் சொல்லுமுன் தேவேந்திரன், "இல்லண்ணே, அவளுக்கு இன்னும் அரை நம்பிக்கதான். பக்கத்துலயே உக்காரு. நான் தூங்கினா எழுப்பு" என்றான்.

கோதண்டபாணி காபியைக் குடித்து முடித்தார். பிறகு வெற்றிலை போட்டுக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். எழுப்புகிற வேலை வரவில்லை. வாசலில் நாற்காலி இன்னும் மடக்கப்படாமல் கிடந்தது, கருப்புக் கண்ணாடி அதன் மேலேயே இருந்தது. துர்காதேவி தன் நாடாவை எறிந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே, வலது பக்கத்து நாடா வந்து கோத்துக்கொள்ளக் கையை நீட்டினாள். அது வந்தது.