மாப்பிள்ளையின் புகைப் பீப்பாய்

ஷார்ஜாவிலிருந்து நாங்கள் கிளம்பியபோது காலை ஏழு மணி. ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, ஏசி போடாமல் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போகக்கூடிய நாள். ஓட்டுவதற்கு என் கணவர் பாஸ்கரன், பின் சீட்டில் மஸ்கட்டின் ரூவியிலிருந்து வந்திருந்த தனபால் அண்ணன், முன் சீட்டில் வழி சொல்ல நான். வழி என் கணவருக்கே தெரியும். இருந்தாலும் சொல்லாமல் வர என்னால் முடியாது. என் வாய் அப்படி.

போகிற இடம் ராஸ் அல் கைமாவுக்கும் வடக்கே, கோர் கவைர். எங்கள் வீட்டிலிருந்து நூற்றிருபது கிலோமீட்டர் சொச்சம். கல்குவாரிகளுக்கு வேலை செய்து கொடுக்கும் ஒரு பட்டறையில் என் தம்பி குமரேசன் அங்கே வெல்டர். முப்பத்துமூன்று வயது. அறந்தாங்கிப் பக்கம் மூன்று இடம் பார்த்து மூன்றும் தட்டிப்போனது. நாலாவது இடம் பட்டுக்கோட்டை ரேவதி. பெண்ணுக்கு அப்பா இல்லை. தாய்மாமன் சொல்வதுதான் முடிவு. அந்தத் தாய்மாமன்தான் பின் சீட்டில் இருந்தவர். ரூவியில் பதினெட்டு வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறார். "போட்டோவுல எல்லாருமே நல்லவன்தாம்மா. நேர்ல ஒரு நாள் பாத்துட்டுச் சொல்றேன்" என்று பஸ் பிடித்து முந்தின நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

இந்த நேரத்தில் என் தம்பி பேசாமல் ஒரு பிரியாணி போட்டிருக்கலாம். கேட்டானா? போனில் ஏதோ வெள்ளைக்காரன் வீடியோவைப் பார்த்துவிட்டு, இரும்புப் பீப்பாயை வெட்டி, கறியைப் புகையிலேயே வேகவைக்கிற ஸ்மோக்கர் ஒன்றைத் தானே செய்து வைத்திருந்தான். கடையில் வாங்கினால் ஆயிரம் திர்ஹம், இவனுக்கு ஆன செலவு அறுபது. அதில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கறி ஏறுகிறது. மாப்பிள்ளை பார்க்க வருகிறவர், அறைக்காரர்கள், பட்டறை ஆட்கள் என்று இருபது பேருக்கு மதியச் சாப்பாடு. நான் ஒரு கேட்டரிங் கம்பெனியில் சமையற்கூடச் சுகாதாரம் பார்ப்பவள். அவன் சொன்ன அன்றிலிருந்தே எனக்குத் தூக்கம் சரியில்லை. கறிக்குள் குத்திச் சூடு பார்க்கும் தெர்மாமீட்டரைக் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் படியிறங்கினேன்.

உம் அல் குவைன் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி ஆளுக்கொரு சாயா குடித்தோம். இரண்டு திர்ஹம்.

"எங்க ரூவியில நூறு பைசாவுக்கு இதைவிட நல்ல சாயா கிடைக்கும்" என்றார் தனபால் அண்ணன்.

"அதுக்கு இன்னும் ஒரு பார்டர் தாண்டணுமேண்ணே" என்றார் என் கணவர். அண்ணன் சிரிக்கவில்லை. போச்சுடா, இந்த மனுஷனிடம் என் தம்பி தேறினாற்போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அல் ரம்ஸ் அருகே சாலையோரம் பிக்கப் வண்டியில் விறகு விற்றுக்கொண்டிருந்தார் ஒரு பாகிஸ்தான் பட்டாணியர். வண்டியை நிறுத்தச் சொன்னேன். புகையில் வேகும் கறிக்கு விறகுதான் பாதி மசாலா. பட்டறைக்காரர்கள் பெயின்ட் அடித்த பலகை, பேக்கிங் பெட்டிக் கட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் எரிப்பார்கள். பெயின்டும் மருந்தும் புகையாகி நேரே கறிக்குப் போகும். இங்கே சம்மர் என்று ஒரு மரம் உண்டு, நம் கருவேலத்துக்குச் சொந்தக்கார மரம். நிதானமாக எரியும், கனல் நிற்கும்.

"பாய், அஸ்லி சம்மர் ஹே?"

"ஏக்தம் அஸ்லி, பெஹன்."

அசல்தான் என்று அவர் சொன்னாலும் ஒரு கட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. முப்பது சொன்ன மூட்டையை இருபத்தைந்துக்கு முடித்து டிக்கியில் ஏற்றினோம்.

அதற்கப்புறம் இடது கைப்பக்கம் கடல், வலது கைப்பக்கம் மலை. மலையைப் படிப்படியாக வெட்டி எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கல் லாரிகள் வரிசையாக எதிரே வந்தன. கண்ணாடியை ஏற்றிவிட்டோம். தூசி படிந்து வேப்பமரமும் சாம்பல் நிறம், நிறுத்தி வைத்த கார்களும் சாம்பல் நிறம்.

"எங்க ரூவியைச் சுத்தியும் மலைதான். ஆனா இப்படி யாரும் உடைச்சுத் திங்கறதில்லை" என்றார் அண்ணன். இந்தத் தடவை எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒன்பதேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆட்கள் தங்கும் கேம்ப்பில் தீ மூட்டக்கூடாது என்பதால் பட்டறைக்குப் பின்னால், திறந்த வெளியில் பீப்பாயை வைத்திருந்தார்கள். குமரேசன் புதுச் சட்டை போட்டு, அதன்மேல் கரி பூசிக்கொண்டு நின்றான். காலை ஆறிலிருந்து அடுப்படியிலேயே நிற்கிறானாம். தனபால் அண்ணனைக் கண்டதும் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு கும்பிட்டான். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.

நான் நேரே பீப்பாய்க்குப் போனேன். இருநூறு லிட்டர் பீப்பாய், படுக்கவைத்து, மேல்பாதியைக் கதவாக வெட்டிக் கீல் வைத்திருந்தான். வெளியெல்லாம் கருகிப்போய்ப் பார்க்கவே சகிக்கவில்லை.

"இதுல முன்னாடி என்னடா இருந்துச்சு?"

"சமையல் எண்ணெய்க்கா. மெஸ்ஸுலேருந்து வந்தது. ரெண்டு தடவை உள்ள பெருந்தீ போட்டு எரிச்சு, பெயின்ட் எல்லாம் போகத் தேய்ச்சு, எண்ணெய் தடவிட்டேன்."

அட, பரவாயில்லையே. ரசாயனம் வந்த பீப்பாயாக இருந்தால் அங்கேயே கவிழ்த்திருப்பேன். உள்ளே கறி வைக்கும் தட்டு, மெஸ்ஸில் கழித்துப்போட்ட அடுப்பின் ஸ்டெயின்லெஸ் தட்டு. ராத்திரிக்கான கோழித்தொடைகள் ஐஸ் பெட்டியில் சில்லென்று இருந்தன. பன்னிரண்டு கிலோ ஆட்டுத்தொடையும் தட்டில் அடுக்கியிருந்தது. குத்திப் பார்த்தேன், ஐம்பத்தெட்டு டிகிரி காட்டியது, நேரத்துக்குச் சரியான சூடு. ஒரு பக்கம் விறகு எரியும் நெருப்புப் பெட்டி, மறுபக்கம் புகைபோக்கி. இரண்டையும் புத்தம்புதுத் தகட்டில் செய்து வெள்ளி மாதிரிப் பளபளவென்று வைத்திருந்தான். மணம் வேறு ஆளைத் தூக்கியது.

"எங்கட வன்னியில இறைச்சியை அடுப்புக்கு மேல கட்டி வாட்டுறவை அக்கா. இதுவும் அதுதான், பீப்பாய்தான் புதுசு" என்றார் குமரேசனின் அறைக்காரர் சிவநேசன். கிளிநொச்சிக்காரர், கிரேன் ஓட்டுகிறார்.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. "என் தம்பியா கொக்கா" என்று தனபால் அண்ணனுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

தண்ணீர் எடுக்க ஐஸ் தொட்டியைத் திறந்தேன். உள்ளே சின்னச் சின்னப் பால் பாட்டில்கள், இருபதுக்கு மேல் இருக்கும்.

"எதுக்குடா இவ்வளவு பால்? பாயசமா?"

"இல்லக்கா. சாப்பிட்டப்புறம் ஆளுக்கு ஒண்ணு."

"கறி தின்னுட்டு எவன்டா பால் குடிப்பான்?"

குமரேசன் சிவநேசனைப் பார்த்தான். சிவநேசன், "ஒண்டுக்கும் இல்லை அக்கா, ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்றார்.

தம்பியை ஓரமாக இழுத்துக்கொண்டு போய் விசாரித்தேன். நெருப்புப் பெட்டிக்குப் போட்ட தகடு ஏசி குழாய் செய்கிற ஜிஐ தகடு. இரும்பின்மேல் துத்தநாகம் பூசியது. அந்தப் பளபளப்பே பூச்சுதான். அதை வெல்டிங் செய்தால் வெள்ளைப் புகை கிளம்பும், அன்று சாயங்காலம் குளிர்காய்ச்சல் அடிக்கும், அதற்குப் பால் குடிப்பார்கள். பட்டறைக்குப் பட்டறை இதுதான் வைத்தியம்.

"உனக்குக் காய்ச்சல் வந்திருக்கா?"

"வரும்க்கா. நடுக்கும். காலைல சரியாயிடும்."

"அந்தத் தகட்டுலயாடா நெருப்பைக் கொட்டி வச்சிருக்க?"

நெருப்புப் பெட்டியின் கதவைத் திறந்து பார்த்தேன். கனல் பட்ட இடமெல்லாம் பூச்சு வெந்து, வெள்ளையும் மஞ்சளுமாகப் பொடி உதிர்ந்திருந்தது. திறந்ததும் அதைச் சாம்பல் என்றுதான் நினைத்தேன். அந்தப் புகை கறியைச் சுற்றிவிட்டுத்தான் வெளியே போகிறது.

"வெல்டிங் அளவுக்குச் சூடு இதுல வராதுக்கா. ஒண்ணும் ஆகாது."

"ஆகாதுன்னா பால் எதுக்கு வாங்கின?"

கோபம்தான் வந்தது அவனுக்கு. "ஆறு மணியிலேருந்து நிக்கறேன். அவர் உக்காந்திருக்காரு பாரு. இந்த இடமும் தட்டிப்போகட்டும்னு பாக்கறியா? மானத்தை வாங்காத, போ!"

எனக்கும் ஏறிவிட்டது. "ஒருவேளை ஒண்ணும் ஆகாதுதான். ஒருவேளையை நம்பி இருபது பேருக்கு எலை போடுவியாடா? அந்த மனுஷன் ராத்திரி எங்க வீட்ல படுத்து நடுங்கினா, பொண்ணு வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?" குரலைத் தாழ்த்திப் பேசுவதாகத்தான் நினைத்தேன், பட்டறை முழுக்கக் கேட்டது என்று பிறகு என் கணவர் சொன்னார்.

குமரேசன் இடுக்கியைத் தரையில் எறிந்துவிட்டு மதில் வரைக்கும் போனான். அங்கேயே கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அப்புறம் திரும்பி வந்து, இடுக்கியைப் பொறுக்கி, தொடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பைப் பையில் போட்டான். நாலைந்து பேர் "அய்யய்யோ" என்று கத்தியே விட்டார்கள். எனக்கும் அழுகை முட்டியது, அவ்வளவு அழகாக வெந்திருந்தது.

நேரே தனபால் அண்ணன் முன்னால் போய் நின்றான். "மன்னிச்சுக்கங்க. கறி கெடலை, அடுப்புதான் தப்பு. வேலைல இந்தத் தகட்டுப் புகையில எங்களுக்கே காய்ச்சல் வரும். தெரிஞ்சும் போட்டுட்டேன். கொஞ்சம் லேட்டாகும்."

"ம்" என்றார் அவர். ரூவியைப்பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் வேகம். குமரேசன் பனியனை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு கிரைண்டரால் அந்தப் பெட்டியை அறுத்துத் தள்ளினான். பூச்சில்லாத வெறும் இரும்புத் தகட்டில் புதுப் பெட்டி, உள்ளே விறகு வைக்கக் கட்டுமானக் கம்பியில் ஒரு கூடை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு "யல்லா, யல்லா" என்று விரட்டினேன். பீப்பாயின் உள்புறத்தையும் தட்டையும் வெந்நீர் ஊற்றிக் கம்பித் தேய்ப்பானால் தேய்க்கவைத்து, அரைமணி நேரம் வெறும் தீ எரியவிட்டேன். புகைபோக்கி மட்டும் ஜிஐதான். அது கறியைத் தாண்டி இருப்பது, சூடும் அங்கே குறைவு. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். நீங்கள் செய்வதாக இருந்தால் அதையும் வெறும் இரும்பிலேயே செய்துகொள்ளுங்கள்.

ஐஸ் பெட்டியில் ராத்திரிக்கென்று வைத்திருந்த கோழித்தொடைகள் ஏறின. சம்மர் விறகின் புகை மெல்லிய நீலமாக வந்தது. கோழியின் உள்சூடு எழுபத்தைந்தைத் தொடாமல் ஒரு துண்டுகூட வெளியே வரக்கூடாது என்று தெர்மாமீட்டரோடு நின்றேன். மூன்றரை மணிக்குத் தட்டு போட்டோம். குபூஸ் ரொட்டி, வெங்காயம், எலுமிச்சை, கோழி. தோல் செம்பு நிறத்தில் மினுங்க, எலும்பு தானாகக் கழன்று வந்தது. தனபால் அண்ணன் மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். குமரேசன் கார் கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான், ஒன்றும் பிடிபடவில்லை என்று நான் உதட்டைப் பிதுக்கினேன். மலைக்கு மேலே தூசியில் வெயில் மங்கிக்கொண்டிருந்தது. ஷார்ஜாவில் ஜன்னல் விளிம்பில் விரல் தடிமனுக்குத் தூசி படிந்தால் வாட்ச்மேனோடு சண்டை போடுகிறவள் நான். இங்கே ஆட்கள் அதற்குள்ளேயே தூங்கி எழுந்து வேலைக்குப் போகிறார்கள்.

ராஸ் அல் கைமா தாண்டியதும் தனபால் அண்ணன் போனை எடுத்துப் பட்டுக்கோட்டைக்கு அடித்தார். ஸ்பீக்கரில் போட்டார். ஆதியோடு அந்தமாக எல்லாவற்றையும் சொன்னார்: பீப்பாய், தகடு, காய்ச்சல், பால், குப்பைப் பைக்குள் போன பன்னிரண்டு கிலோ.

"அப்ப என்னண்ணே சொல்ற?" என்றது பெண்ணின் அம்மா குரல்.

"பையனுக்குக் கோவம் வருது. வந்த கோவத்தை இறக்கி வச்சுட்டு வந்து நிக்கவும் தெரியுது. எனக்குப் புடிச்சிருக்கு."

நான் என் கணவரின் தோளில் ஒன்று போட்டேன். கார் லேசாக ஆடியது. அப்போது போனில் வேறு குரல் கேட்டது. "மாமா, போனை அந்த அக்காகிட்ட குடுங்க."

ரேவதி.

"அக்கா, அந்தப் புகை வேலை, அவங்க அடிக்கடி செய்றாங்களா?"

"ஆமாம்மா, வேலை வர்றப்ப செய்வான்."

"காய்ச்சல் எத்தனை தடவை வந்திருக்கு? டாக்டர்கிட்ட காட்டினாங்களா? மூக்குக்கு ஏதாச்சும் கட்டிக்குவாங்களா?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பனியனை இழுத்துவிட்டுக்கொண்டதைப் பார்த்தேன், பார்த்துவிட்டு மணியைப் பார்த்தேன். கோழியைக் குத்திக் குத்திச் சூடு பார்த்த நான், காய்ச்சல் வரும் என்று அவன் சொன்ன இடத்தில் ஒரு நிமிஷம் நிற்கவில்லை. சுருக்கென்றது. சொந்த அக்காவுக்குத் தோன்றாதது, இன்னும் முகம் பார்க்காத பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது.

"தெரியலைம்மா" என்றேன். "அவன் நம்பர் அனுப்பறேன். நீயே கேளு."

தனபால் அண்ணன் தொண்டையைக் கனைத்தார், தடுக்கவில்லை.

வீட்டு வாசலில் கார் நின்றபோது குமரேசன் கூப்பிட்டான்.

"அக்கா, அந்தப் பொண்ணு போன் பண்ணிச்சு."

"என்னடா சொல்லிச்சு?"

"திட்டுதுக்கா. நாளைக்கே மாஸ்க் வாங்கிப் போட்டுக்கிட்டு போட்டோ அனுப்பணுமாம்."