மாமாவின் மண் தலை

நாற்பத்தெட்டு வயதில் நான் மறுபடியும் மாணவன் ஆனேன். யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருடம் கோட்டுப் போட்டு வழக்குப் பேசியவன், ரொறன்ரோவில் என்னைவிட இருபது வயது இளைய ஒரு பெண் வழக்கறிஞரிடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். அவள் அகதிகளிடம் கேட்பதை நான் தமிழில் கேட்பேன். கேள்வியைக் கொஞ்சம் திருத்திக் கேட்கலாமே என்று நாக்கு துறுதுறுக்கும். அடக்கிக்கொள்வேன்.

கனடாவின் சட்டப் பரீட்சைகளில் தேறினால் நானும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரலாம். அதற்காகத்தான் என் மனைவி, பின்னேரங்களில் ஒரு கடையில் நான் பார்த்த வேலையை விடச் சொன்னாள். அந்தக் குறையை நிரப்ப, மோர்னிங்சைட்டில் தான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் செவ்வாயும் வியாழனும் இரட்டை ஷிப்ட் எடுத்தாள். அந்த இரண்டு பின்னேரமும் நான் நூலகத்தில் படித்துக்கொண்டிருக்கிறேன் என்பது அவளுடைய நம்பிக்கை.

முதல் மூன்று மாதம் படித்தேன் என்று சத்தியம் செய்வேன். ஆனால் கதிரை என்னை வைத்திருக்க மறுத்தது. ஒரு பக்கம் வாசித்தால் தண்ணீர் குடிக்கப் போவேன். இரண்டு பக்கம் வாசித்தால் மலசலகூடம். அப்படித் தட்டுத்தடுமாறி ஒப்பந்தச் சட்டத்தைப் புரட்டும்போதுதான் ஓர் அடிக்குறிப்பில் அந்த அமெரிக்கரைப் பிடித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர். ஒப்பந்தச் சட்டம் பற்றித் தடித்த புத்தகம் எழுதிய வழக்கறிஞர். பிறகு சட்டத்தை விட்டுச் சிற்பியானவர்.

என்னுடைய புத்தகத்தை மூடிவிட்டு அவரைத் தேடப் போனேன். அவருடைய தகப்பன் பெரிய நீதிபதியாம். அவர் இறந்ததும், நினைவுச்சிலையை மகனே செய்யட்டும் என்று கேட்டிருக்கிறார்கள். மகன் பழகுவதற்காக இத்தாலிக்குக் கப்பலேறினார். திரும்பி வந்து வழக்குப் பார்த்தார். இருப்புக் கொள்ளவில்லை, மறுபடியும் இத்தாலி. இப்படிக் கடலுக்கு இரண்டு பக்கமும் அலைந்த மனுசனை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. நான் தண்ணீர்க் குழாய்க்கும் கதிரைக்கும் நடுவில்தான் அலைந்தேன் என்றாலும்.

நூலகத்துக்குப் பக்கத்தில் சமூக நிலையம். அங்கே செவ்வாயும் வியாழனும் களிமண் வகுப்பு. மிச்சத்தை நீங்களே ஊகிக்கலாம்.

எனக்கும் ஒரு நீதவான் தேவைப்பட்டார். வீட்டிலேயே இருந்தார்: எங்களோடு வசித்த என் மாமனார், ஊரில் நீதவானாக இருந்து இளைப்பாறியவர். சாப்பாட்டு மேசையில் அவருடைய மூக்கை அளந்துகொண்டு போய் வகுப்பில் மண்ணில் வைத்தேன். உள்ளே மண் இருந்தால் சூளையில் வெடிக்கும், தலையைக் குடைந்து வெறுமையாக்கு என்றாள் ஆசிரியை. மாமாவின் மூளையைக் கரண்டியால் தோண்டி எடுத்தபோது வந்த சந்தோசத்தைப் பற்றி அதிகம் சொல்லாமல் விடுகிறேன்.

வகுப்பு முடிந்த வியாழன், சுட்ட தலையைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஒரு திருப்பத்தில் துவாய் நழுவியது. முன் இருக்கையில் எங்களுக்குத் தெரிந்த ரீச்சர் அக்கா.

"ஐயோ தம்பி! ஐயா எப்ப மோசம் போனவர்?"

எங்கள் ஆட்களிடம் உயிரோடிருப்பவருக்குச் சிலை வைக்கும் வழக்கம் கிடையாது. சிலை என்றால் ஆள் இல்லை. மாமா சுகமாக இருக்கிறார் என்று சொன்னால், அப்ப இது என்ன, எங்கே செய்தது, எப்ப செய்தது என்று கேள்வி நீளும், வெள்ளிக்கிழமைக்குள் மனைவியின் காதுக்குப் போகும். பதினெட்டு வருடம் வாயால் பிழைத்தவன், வாயைத் திறக்காமல் தலை குனிந்தேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த தரிப்பில் இறங்கினா.

தலையை அலுமாரியில் குளிர்கால உடுப்புகளுக்குப் பின்னால் ஒளித்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் கதவு தட்டப்பட்டது. வெளியே வெள்ளைச் சேலையும் வெள்ளைச் சட்டையுமாக நாலு பேர், முன்னுக்கு ரீச்சர் அக்கா. கதவைத் திறந்தவர் மாமா.

அக்கா விக்கித்துப்போய்ச் சுவரைப் பிடித்தா.

"உள்ளுக்கு வாங்கோ," என்றார் மாமா. "செத்தது ஆரெண்டு சொன்னால் நானும் சேர்ந்து அழலாம்."

"நீங்கள்தான் ஐயா," என்றா அக்கா. "உவர்தான் பஸ்ஸில..." விரல் என்னை நோக்கி நீண்டது.

சான்றுப்பொருளைக் கொண்டு வந்து மேசையில் வைத்தேன். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி நடந்தார்.

"மூக்கு என்ரை. உந்தக் காது ஆரின்ரை?"

"காது சரியா வரேல்லை மாமா."

"வரேல்லையெண்டால் ஏன் என்னிலை ஒட்டினனீர்?"

வந்தவர்கள் தேத்தண்ணி குடித்து, சிரித்து, மாமாவுக்கு நூறு வயது என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அப்போதுதான் வேலையால் வந்து, சீருடையோடு நின்றாள்.

"எப்ப செய்தனீங்கள்?"

"செவ்வாயும் வியாழனும்."

"எத்தினை மாசமா?"

"ஏழு. அதுக்கு முதல் மூண்டு மாசம் படிச்சனான். அது கணக்கில வருமோ?"

"பகிடி வேண்டாம். நான் அங்க கிழவியளைத் தூக்கித் தூக்கிக் குளிக்கவாக்க, நீங்கள் இஞ்ச மண் குழைச்சனீங்கள். என்ன? சரி. நான் ஒண்டுதான் கேக்கிறன். பரீட்சை எழுதுவியளோ, மாட்டியளோ? ஓம், இல்லை. வேற ஒண்டும் சொல்லக்கூடாது."

குறுக்கு விசாரணையில் நான் எத்தனையோ பேரை இப்படி மூலையில் நிறுத்தியிருக்கிறேன். அங்கே நிற்பது இவ்வளவு வெக்கையாக இருக்கும் என்று தெரியாது. மாமாவைப் பார்த்தேன். அவர் காதைத் தடவிக்கொண்டிருந்தார், தன்னுடையதை.

"இல்லை," என்றேன்.

அவள் அறைக்குள் போனாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். கைப்பையோடு திரும்பி வந்து, மடித்து மடித்து ஓரம் நைந்த ஒரு விண்ணப்பப் படிவத்தை மேசையில் விரித்தாள். தாதிப் படிப்புக்கு.

"ரெண்டு வருசமாக் காவித் திரியிறன். நீங்கள் பாஸ் பண்ணினாப் பிறகு எண்டு வைச்சிருந்தனான். முதலே சொல்லியிருந்தால் இப்ப நான் பாதி முடிச்சிருப்பன்."

பேனை எடுத்துக் கொடுத்தேன். வகுப்பு எந்த நாட்கள் என்று கேட்டேன்.

"திங்களில இருந்து வியாழன் வரைக்கும். பின்னேரம்."

"நாளைக்கே அந்தப் பின்னேர வேலையைத் திருப்பிக் கேக்கிறன்."

"தருவாங்களோ?"

"தெரியாது. கேக்கிறன்."

அவள் தலை நிமிராமல் பெயரை எழுதத் தொடங்கினாள்.