சிலம்பரசன் வாங்கிய முதல் பாலிஷ் மிஷின்

வழியில் யாரைப் பார்த்தாலும் சிலம்பரசன் முதலில் கேட்பது, "வண்டி எப்படி இருக்கு?" வீட்டில் எப்படி என்பதெல்லாம் அப்புறம்தான். கேட்டுக்கொண்டே புறங்கையால் கார்க் கதவைத் தடவிப் பார்ப்பான். தூசி படிந்த காரின் மேல் எவனாவது விரலால் பெயர் எழுதினால் போச்சு, தெருமுனை வரை துரத்துவான். "மண்ணுடா அது! உப்புத்தாள் வச்சுத் தேய்க்கிற மாரி!" என்று அவன் போடும் கூச்சலைச் சாரம் வட்டாரத்தில் கேட்காதவர்கள் குறைவு.

கார்களுக்குக் கையாலேயே பாலிஷ் போட்டுப் பிழைத்தவன். தோள்பட்டை கழன்றுவிடும் போல வலிக்க ஆரம்பித்த பிறகுதான் மிஷின் ஆசை வந்தது. உழவர்கரையில் ஒரு கடைக்குப் போனான். கடைக்காரப் பெண் தேவிப்பிரியா இரண்டை எடுத்து வைத்தாள். ஒன்று கனமானது, நின்ற இடத்திலேயே வேகமாகச் சுழல்வது. மற்றது சுழன்றபடியே அசைந்து ஆடும். கொஞ்சம் அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திக்கொள்ளும்.

"மொத மிஷினா? அப்போ ஆடுறத எடுத்துக்குங்கண்ணா. வேலை மெதுவாத்தான் ஆவும், ஆனா பெயிண்ட்டச் சுடாது."

"அழுத்துனா நின்னுடுதே, இது என்னா மிஷினு? என் கையே இத விட வேகமா ஓடும்" என்று கனமானதையே தூக்கிக்கொண்டு வந்தான்.

முதலில் அகப்பட்டது அஞ்சம்மாளின் கார். பிள்ளைச்சாவடிக்காரி, மீன் விற்றுச் சேர்த்ததில் வாங்கிய கருநீலக் கார். வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு அவளே ஊர் சுற்றிக் காட்டுவாள். அதுதான் இப்போது அவள் பிழைப்பு.

"மொகம் பாத்துக்கலாங்க்கா, அப்படி ஆக்கித் தர்றேன்."

பானெட்டின் நடுப்பகுதி நிஜமாகவே பளபளத்தது. அந்த உற்சாகத்தில் ஓர மடிப்பில் மிஷினை வைத்து அழுத்தினான். அங்கே பெயிண்ட் மெலிசு. குப்பென்று ஒரு கருகல் வாடை. நிறுத்தித் துணியால் துடைத்தான். நீலம் போய், உள்ளங்கை நீளத்துக்கு அடிப்பூச்சு வெளுத்துத் தெரிந்தது. அழுக்கு என்றே நினைத்து மறுபடி துடைத்தான். போகவில்லை. பிறகுதான் புரிந்தது.

"என்னாடா இது?"

மீன் மார்க்கெட்டையே அதட்டிய அஞ்சம்மாள் குனிந்து அந்த வெளுப்பை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் பண்ணலக்கா" என்றான் சிலம்பரசன். மிஷின் அவன் கையிலேயே இருந்தது. அந்தப் பொய் தன் வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவனே திடுக்கிட்டுப் போனான்.

பானெட்டுக்குத் தன் செலவில் பெயிண்ட் அடித்துக் கொடுத்தான். கனமானதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, தேவிப்பிரியாவின் முகத்தைப் பார்க்காமல் ஆடுகிற மிஷினை வாங்கினான். காயலான் கடையிலிருந்து பழைய கார்க் கதவு ஒன்றைக் கொண்டுவந்து, மடிப்புகளில் டேப் ஒட்டி, வேகத்தைக் குறைத்துவைத்துப் பழகினான். "கொழுப்பு, வேற என்னா?" என்று தன்னையே வைதுகொண்டான்.

ஒருநாள் காலையில் அந்தக் கருநீலக் கார் வாசலில் வந்து நின்றது.

"பானெட்டு மட்டும் மின்னுது, கதவெல்லாம் மங்கிக் கெடக்குது. பாக்கறவன் சிரிக்கிறான். போட்டுக் குடு" என்றாள் அஞ்சம்மாள்.

அவன் ஆடுகிற மிஷினை எடுத்து வந்தான். மிஷினின் பிளக்கை அவளிடம் நீட்டினான். "நீயே சொருவுக்கா. பயமா இருந்தா உடனே புடுங்கிடு."

அஞ்சம்மாள் வாங்கிச் சொருகி, சுவிட்சைப் போட்டாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துத் தெருவைப் பார்க்கப் போட்டு, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.